தானாக ஓடும் வண்டி

ஜூன் 2, திங்கள்

யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எழுதக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மகளுக்குக் கோயம்புத்தூரில் ரோபோ இன்ஜினியர் வேலை என்று அம்மா அருப்புக்கோட்டையில் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீடுகளுக்குக் கேசரி வேறு போயிருக்கிறது. நான் படித்தது டிப்ளமோ. என்ன வேலை என்று எனக்கே இன்று காலையில்தான் தெரிந்தது.

பெரிய தனியார் ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் மருந்தகம், மூன்றாம் மாடியில் ஆபரேஷன் ஆனவர்களுக்கான வார்டு. கீழேயிருந்து மேலே மருந்து கொண்டுபோக எங்கள் கம்பெனியின் ரோபோ சரிப்பட்டு வருமா என்று பார்க்கப் போகிறார்கள். அதற்கு டாக்டர்கள் அடங்கிய ஒரு குழு. சாத்தியக்கூறு ஆய்வு என்று பெயர். ஒரு மாதம் ஓட விட்டுப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால் எல்லா மாடிகளுக்கும் வாங்குவார்களாம்.

ரோபோவின் பெயர் சகா. இடுப்பளவு உயரம், வெள்ளை நிறம், பூட்டுள்ள நான்கு இழுப்பறைகள். முன்னால் ஒரு திரையில் இரண்டு கண்கள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். தானாக ஓடும் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓடாது. கம்பெனி ஆபீஸில் ஓடுகிறது, ஏனென்றால் அங்கே தரை காலியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மனிதர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் ஓட்ட வேண்டும். காலையில் நான், மதியத்துக்கு மேல் தௌபீக் என்று இன்னொருவர்.

எங்கிருந்து? சாலைக்கு எதிர்ப்பக்கம், ஒரு பேக்கரியின் மாடி அறையிலிருந்து. ஒரு நாற்காலி, மூன்று திரைகள், காதுக்கு ஹெட்போன், கைக்கு வீடியோ கேம் பையன்கள் வைத்திருப்பதுபோல ஒரு குச்சி.

"இது பொய் சொல்றது இல்ல ஜோதி," என்றார் புராஜெக்ட் மேனேஜர் சஞ்சீவ். சென்னைக்காரர். என்னைவிட நாலு வயது கூட இருக்கும், எடுத்த எடுப்பில் நீ, வா, போ. "இப்ப நீ ஓட்டுற. அதைப் பாத்து அது கத்துக்கும். ஆறு மாசத்துல நீ தேவையே படமாட்ட."

"அப்ப எனக்கு வேலை சார்?"

"பாசிட்டிவா யோசி."

ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். ஒரு வருடம் இருந்தால்தான் திரும்பத் தருவார்கள்.

ஜூன் 4, புதன்

வழி பழகிவிட்டது. மருந்தகம், லிப்ட், மூன்றாம் மாடி, வலப்பக்கம் திரும்பினால் நர்சுகள் உட்காரும் மேஜை, அதற்கு அப்பால் அறைகள். எதிரே கண்ணாடிக் கதவு வந்தால் ரோபோவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தரையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துச் சாப்பிடும் சொந்தக்காரர்கள், மாப் போட்ட ஈரம், திடீரென்று ஓடிவரும் குழந்தை, எல்லாவற்றுக்கும் நான்தான் பிரேக்.

பேசுவதற்கு இரண்டே வாக்கியங்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஓர் ஆண் குரலில். "தயவுசெய்து வழி விடுங்கள்." "நன்றி." என் சொந்தக் குரல் அங்கே கேட்க வேண்டுமென்றால் மேஜை ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கிறது. அது இன்ஜினியர்களுக்கு. அதன்மேல் செலோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். தொட்டால் அன்றோடு வேலை போகும் என்று சஞ்சீவ் சொன்னார்.

ஜூன் 6, வெள்ளி

வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. ரோபோவுக்குக் கட்டைவிரல் கிடையாது, ஆகவே லீவும் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

304-ஆம் அறையில் தங்கமணி என்று ஓர் அம்மா இருக்கிறார். பல்லடம் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தொடை எலும்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்திருக்கிறது. வலி தாங்க முடியாமல் போகும்போது போடும் ஊசி மருந்தைத் தினமும் இரண்டு தடவை நான்தான் கொண்டுபோகிறேன். அது கணக்கு வைத்துக் கொடுக்கும் மருந்து. வார்டில் இருப்பு வைக்கமாட்டார்கள், நேரத்துக்கு நேரம் கீழேயிருந்துதான் வர வேண்டும்.

இன்று கதவு திறந்திருந்தது. நர்ஸ் ஷைனி அவருக்குப் புண்ணைத் துடைத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். என் மூன்று திரைகளிலும் அந்த அம்மாவின் உடம்பு. எனக்குக் கூசிவிட்டது. அங்கே ஒரு பெட்டி நிற்கிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார், ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யார் அவரிடம் சொன்னார்கள்? சட்டென்று வண்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அவர் போர்த்திக்கொள்ளும்வரை அப்படியே நிறுத்தினேன்.

சாயங்காலம் சஞ்சீவ் போனில். "எதுக்குச் சும்மா நிறுத்துன? டெலிவரி டைம் ஏறுதில்ல?"

சொன்னேன்.

"நீ அதெல்லாம் பாக்காத. வேலையைப் பாரு."

பார்ப்பதுதானே என் வேலை!

ஜூன் 13, வெள்ளி

குழு இன்று வார்டுக்கு வந்தது. தலைவர் டாக்டர் குழந்தைவேலு, ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்ட். கூடவே நர்சிங் சூப்பரின்டென்ட் அம்மா, இன்னும் மூன்று பேர். என் கண் முன்னாலேயே, என் காது கேட்கவே, என்னைப் பற்றிப் பேசினார்கள்.

"வயசானவங்க வந்தா ஒதுங்கி நிக்குதுங்க. நம்ம வார்டு பாயே நிக்கமாட்டான்," என்றார் ஒருவர்.

"துணி மாத்துறப்ப திரும்பிக்குதாம். சிஸ்டர் சொன்னாங்க," என்றார் டாக்டர் குழந்தைவேலு. "ரொம்ப நல்ல டிசைன்."

"பிரைவசிக்குன்னு தனியா ஒரு மாட்யூல் எழுதியிருக்கோம் சார்," என்றார் சஞ்சீவ். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அதைக் குறித்துக்கொண்டார்கள். என் கூச்சத்தைக் கம்பெனியின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். திட்டியதும் அவர்தான், அதை விற்றதும் அவர்தான். குச்சியை இறுக்கிப் பிடித்தேன். வண்டி லேசாக ஆடியது. "தலையாட்டுது பாருங்க," என்று சிரித்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஷைனியைப் பற்றி எழுத வேண்டும். மார்த்தாண்டத்துக்காரி. என் வயதுதான். ரோபோ வந்தால் வேலை போய்விடும் என்று மற்ற நர்சுகள் முணுமுணுக்கும்போது, "மருந்துக்கு வேண்டி கீழயும் மேலயும் ஓடி எனக்க காலு போச்சு. இது வந்தது நல்லதாக்கும்," என்று இன்று சொன்னாள். இழுப்பறையை அட்டை காட்டித் திறக்கும்போதெல்லாம் வண்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். மாட்டைத் தட்டுவதுபோல.

தங்கமணி அக்காவுக்குத்தான் என்னவோ சந்தேகம். "வந்துட்டியா சாமி?" என்று தினமும் கேட்பார். இன்று வண்டியின் கண்களை உற்றுப் பார்த்து, "ஏங்கண்ணு, இதுக்குள்ள ஆரோ இருக்கறாப்பல இருக்குது," என்றார்.

ஷைனி சிரித்தாள். "உள்ள ஊசியும் மாத்திரையும்தான் இருக்கு அக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தங்கமணி அக்காவின் வலி ஊசியை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடி லிப்டை விட்டு வெளியே வந்தேன். கூட்டம். ஓரமாக நிறுத்தினேன். கீழே போக லிப்டுக்குக் காத்திருந்த ஒரு மனிதர், கையிலிருந்த கனமான பையை வண்டியின் தலைமேல் வைத்தார், ஏதோ மேஜைமேல் வைப்பதுபோல. அங்கேதான் சிவப்புப் பட்டன் இருக்கிறது. ஆபத்துக்கு நிறுத்துவதற்கு. பை அதை அமுக்கியது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, இழுப்பறைகளும் பூட்டிக்கொண்டன. லிப்ட் வந்தது. மனிதர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

அதற்கப்புறம் நான் குச்சியை எப்படி அசைத்தும் பயனில்லை. கேமரா வேலை செய்கிறது, மைக் வேலை செய்கிறது, வண்டி மட்டும் கல்.

ஷைனி தேடிக்கொண்டு வந்தாள். அட்டையைக் காட்டினாள். திறக்கவில்லை. மறுபடி, மறுபடி. சிவப்புப் பட்டனைப் பிடித்து வலப்பக்கம் ஒரு திருப்புத் திருப்பினால் போதும், எல்லாம் திறந்துவிடும். ஆனால் பயிற்சியின்போது, என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது என்று சஞ்சீவ் நர்சுகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். திருப்பினால் சரியாகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இதைவிடப் பொறுப்பில்லாத்தனம் உண்டா?

அவள் மருந்தகத்துக்குப் போன் செய்தது எனக்குக் கேட்டது. "கொடுத்தாச்சு சிஸ்டர். முதல்ல கொடுத்தது திரும்பி வராம இன்னொண்ணு தர முடியாது. ரூல்ஸ்." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

304 பக்கத்தில்தான். தங்கமணி அக்கா முதலில் கூப்பிட்டார். "கண்ணு... ஊசி வந்துருச்சா?" பிறகு கூப்பிடவில்லை. வேறு சத்தம். ஹெட்போனில் அது காதுக்குள்ளேயே கேட்கிறது. அவருடைய வீட்டுக்காரர் வெளியே வந்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வண்டியை ஓர் உதை உதைத்தார். ஷைனி இழுப்பறையைக் கையால் குத்தினாள். பிறகு கேமராவுக்கு நேரே குனிந்து, அழுதுகொண்டே, "தொறயேன், ஒருக்கா தொறயேன்," என்று கெஞ்சினாள்.

சஞ்சீவுக்கு எத்தனை தடவை போன் அடித்தேன்! எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன். ஆள் அனுப்புறேன். டேப்பை மட்டும் எடுத்துராத, பேசிராத," என்றார். ஆள் வந்து பட்டனைத் திருப்பியபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

நான் என்ன செய்திருக்க முடியும்? சீட்டை விட்டு எழுந்தாலே வேலையை விட்டு ஓடியதாகக் கணக்கு என்று அந்தத் தாளில் இருக்கிறது. சாலையில் அந்த நேரத்துக்கு டிராபிக் வேறு. ஒரு மேனேஜர் போனை எடுக்கவில்லை என்றால் அது யார் குற்றம்?

மதியம் சாப்பிடவில்லை. கீழே பேக்கரியில் தேங்காய் பன் சூடாகப் போட்டார்கள். அந்த வாசனையே பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அறிக்கையைத் தௌபீக் காட்டினார். "அவசர நிறுத்தப் பட்டன் கையால் அழுத்தப்பட்டுள்ளது. அதன் பின் வார்டு நர்சின் அட்டை பலமுறை பதிவாகியுள்ளது. புதிய தொழில்நுட்பத்துக்கு ஊழியர்கள் காட்டும் எதிர்ப்பாக இது இருக்கலாம்."

இருக்கலாமாம்! ஷைனி அழுத்தினாள் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து அந்த வண்டிக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள் அவள்தான்.

சஞ்சீவைப் போனில் பிடித்தேன். "சார், அது ஒருத்தரோட பை. நான் பாத்தேன்."

"வீடியோ ரெக்கார்ட் பண்றதில்லன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கோம். ஆதாரம் கிடையாது."

"நான் இருக்கேன்ல சார்?"

"நீ எங்க இருக்க?" என்றார். "யோசிச்சுச் சொல்லு ஜோதி. நீ அங்க இருந்தியா?"

தௌபீக்கிடம் கத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குங்க. உங்களுக்குச் சர்டிபிகேட். வேற என்னத்தைப் பேச?" என்றார். என்ன மனிதர்!

ஜூன் 23, திங்கள்

ஷைனிக்கு ஆர்டர் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. தாளை நர்சுகள் மேஜையருகே நின்று படித்தாள், நான் வண்டியோடு எதிரே நின்றேன். படித்துவிட்டு அதை நாலாக மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். தலையில் தட்டுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. சுற்றிக்கொண்டு போனாள்.

எவ்வளவு அநியாயம்! ஒரு பெண்ணின் வேலையை இப்படி ஒரு வரியில் தூக்குகிறார்கள், கேட்க நாதியில்லை. இந்த ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒருத்தராவது, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று எழுந்து சொன்னார்களா?

ஜூன் 24, செவ்வாய்

ஏழு டெலிவரி. எல்லாம் நேரத்துக்கு.

ஜூன் 26, வியாழன்

தங்கமணி அக்காவின் அறைக்குப் புது நர்ஸ் வந்திருக்கிறாள். மருந்தை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனதும் அக்கா வண்டியைக் கூப்பிட்டார். கூப்பிட்டால் போகக் கூடாது, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது. போனேன்.

"அந்தப் புள்ள அப்பிடிச் செய்யாது," என்றார். உடம்பு இன்னும் இளைத்திருந்தது. "அன்னைக்கு என்ற காலைப் புடிச்சுட்டு அது அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். உனக்குக் கண்ணு இருக்குதல்ல? நீ அங்கதான நின்னே? ஆரு அமுக்குனாங்கன்னு நீ பாத்திருப்பே. சொல்லேன் சாமி."

வாசலில் நின்ற அவருடைய வீட்டுக்காரர், "அட, அது பொட்டி. அதுகிட்டப் போயி," என்றார்.

"நீங்க சும்மா இருங்க. அதுக்குக் காது கேக்குது."

எனக்கு அடுத்த டெலிவரி 309-க்கு. வண்டியைத் திருப்பினேன். திருப்பும்போது அந்த ஆண் குரல் தானாகவே "நன்றி" என்று சொல்லித் தொலைத்தது.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில் கொடி அறுந்து பாதித் துணி தரையில். மறுபடி துவைத்தேன். அம்மா போனில், "எப்ப பாத்தாலும் சிடுசிடுன்னு பேசுற, ரோபோகூடவே இருந்து நீயும் அப்படி ஆயிட்டியா?" என்றாள். வைத்துவிட்டேன்.

கம்பெனி என்றால் இப்படித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மட்டும் என்ன, கலெக்டரா?

ஜூலை 1, செவ்வாய்

இன்று கடைசி நாள். குழுவுக்கு நேரில் ஓட்டிக் காட்ட வேண்டும். "நீதான் ஸ்மூத்தா ஓட்டுவ," என்று சஞ்சீவ் என்னையே உட்காரச் சொன்னார்.

கீழேயிருந்து மூன்றாம் மாடிவரை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோனேன். நர்சுகள் மேஜையருகே குழு நின்றது. டாக்டர் குழந்தைவேலு கையில் பைல். முகத்தைப் பார்த்தால் முடிவு செய்துவிட்டதுபோல் இருந்தது.

"எல்லாஞ் சரிங்க. அன்னைக்கு முக்கால் மணி நேரம் நின்னு போச்சே, அது மறுபடி வராதுன்னு என்ன உத்தரவாதம்?"

"சார், அது ஹ்யூமன் எரர்," என்றார் சஞ்சீவ். "சகா பக்கம் ஒரு தப்பும் இல்ல. அந்த நர்சை எடுத்தாச்சு. இனிமே வராது."

அந்த நர்சை எடுத்தாச்சு. குப்பையை எடுத்தாச்சு என்பதுபோல.

நான் குச்சியை விட்டேன். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். படியிறங்கினேன். பேக்கரிக்காரர், "என்னங்க, நேரமே கிளம்பிட்டீங்க?" என்றார். சாலையைக் கடந்தேன். கடப்பதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குள் ஒரு மாதத்தில் நான் கால் வைத்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். எல்லாம் திரையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. டெட்டால் நாற்றம் மட்டும் புதிது. திரையில் அது வராது. 304-ஐக் கடந்தபோது தங்கமணி அக்கா விழித்திருந்தார். வழியில் போகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி நட்டநடுவில் நின்றிருந்தது. சஞ்சீவ் போனைக் காதில் வைத்து யாரையோ, என்னைத்தான், கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்த என் போன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா நீ?" என்றார் டாக்டர் குழந்தைவேலு.

"இதை ஓட்டுறவ சார். எதிர்த்தாப்புல பேக்கரி மாடில இருந்து."

"சார், இவங்க சப்போர்ட் ஸ்டாஃப்," என்று சஞ்சீவ் முந்திக்கொண்டார். "கொஞ்சம் ஸ்ட்ரெஸ்ல இருக்காங்க."

"அப்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்க சார். இப்ப அங்க சீட்ல ஆளில்ல."

சஞ்சீவ் டேப்லெட்டில் எதையோ தட்டினார். வண்டி முன்னால் போனது, மாப் வாளியைப் பார்த்ததும் நின்றது, ஒரு வட்டம் போட்டது, போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, "தயவுசெய்து வழி விடுங்கள்," என்றது. சுவர் வழி விடவில்லை. மறுபடி சொன்னது. மறுபடியும். யாரோ ஒரு நோயாளியின் பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பையை, பட்டனை, மருந்தகம் இன்னொன்று தர மறுத்ததை, ஷைனி கெஞ்சியதை. டாக்டர் என்ன கேட்பார் என்று நினைத்தேன்? அந்த நர்ஸ் எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்போ ஒரு மாசமா மனுஷங்கதான் ஓட்டியிருக்கீங்க," என்றார் யோசனையோடு. "ஓட்டின வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடியிருக்குது. இந்தப் புள்ளைய நம்ம பேஸ்மென்ட்லயே உக்கார வெச்சா இன்னும் சுலபமால்ல இருக்கும்?"

சுலபமாம்! ஏமாற்றப்பட்ட கோபம்கூட இல்லை அந்த மனிதருக்கு. பக்கத்து அறையில் ஒரு பெண் முக்கால் மணி நேரம் துடித்ததைச் சொல்கிறேன், இவர் என்னை எங்கே உட்கார வைப்பது என்று இடம் பார்க்கிறார்.

நர்சிங் சூப்பரின்டென்ட் அம்மா மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "வெள்ளிக்கிழமை ஷைனியோட விசாரணை. இதை அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்லுவேன் மேடம்."

சஞ்சீவிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. இனி வர வேண்டாம். சர்டிபிகேட் பற்றிச் சென்னை ஆபீஸில் பேசிக்கொள்.

ஜூலை 2, புதன்

நர்சுகள் ஹாஸ்டலைத் தேடிப்போய் ஷைனியைப் பார்த்தேன். நல்ல செய்தி சொல்லத்தான் போனேன். ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். நான் யாரென்று சொன்னதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். வேலையை விட்டதையும் சொன்னேன்.

பிறகு கேட்டாள்.

"நான் அந்தப் பெட்டிக்க முன்னால நின்னு அழுதேன்லா. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அக்காக்க சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அங்க இருந்து பேசினா எனக்குக் கேக்குமா? அதுக்கு வழி உண்டா?"

"இருந்துச்சு. ஆனா அதுல டேப் ஒட்டி..."

"டேப்பா?" என்றாள். "பட்டனைத் திருப்புங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. முக்கால் மணி நேரத்துல உங்களுக்கு அது வரலியா?"

எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

இப்படியும் ஒருத்தி இருப்பாளா? அவளுக்காக வேலையை விட்டிருக்கிறேன். சர்டிபிகேட் போய்விட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நன்றி கிடையாது, உட்காரக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமலேயே இருந்திருக்கலாம். தௌபீக்கைப் போல டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

அவள் கேட்டதில் என்ன தப்பு என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். ஷைனிமேல் தவறில்லை என்று தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். வருத்தம் தெரிவிக்கவில்லை. "தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட தாமதம்" என்று எழுதினார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பவும் இல்லை, ஆய்வை ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். தௌபீக் இப்போது ஆஸ்பத்திரியின் பேஸ்மென்டில் உட்கார்ந்து ஓட்டுகிறார். சிவப்புப் பட்டனைத் திருப்புவது எப்படி என்று எல்லா நர்சுகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நர்சிங் சூப்பரின்டென்ட் அம்மா, நிர்வாக அதிகாரி ஒருவர், டைப் செய்ய ஒருவர். எதிரே ஷைனி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். குரல் கணீரென்றுதான் இருந்தது. கம்பெனியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் உயர்ந்தும் போயிற்று. நிர்வாக அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"சம்பவம் நடந்தது இருபதாம் தேதி. நீங்க வந்து சொன்னது ஒண்ணாம் தேதி. அன்னைக்கே பேச வழி இருந்தது, நடந்து வரவும் வழி இருந்தது. இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"

பதில் தயாராக வைத்திருந்தேன். பூட்டி வைத்த சர்டிபிகேட், கையெழுத்துப் போட்ட தாள், போனை எடுக்காத மேனேஜர், பட்டன்மேல் டேப். எல்லாமே உண்மை. வாயைத் திறந்தபோது ஷைனி முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பயந்துட்டேன் சார்," என்றேன். "அந்தக்காவுக்கு வலிச்சதும் தெரியும். இவங்க அழுததும் தெரியும். எனக்கு என் வேலை போயிரும்னு பயம்."

டைப் செய்கிறவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதையும் போடட்டுங்களா?"

"போடுங்க," என்றேன்.